ஏழு ஆசனமும் பத்து நாளும்: 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலை மறுபடி வாசித்தல்

கிழக்கு தனி மாகாணமாகப் பிரிந்த பிறகு இதுவரைக்கும் மூன்று முதலமைச்சர்கள் இருந்திருக்கிறார்கள். முதலாவது, பிள்ளையான் என்று எல்லாரும் அறிந்த சிவநேசதுரை சந்திரகாந்தன், மட்டக்களப்பு மாவட்டம். இரண்டாவது, நஜீப் ஏ. மஜீத், திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா. மூன்றாவது, ஹாபிஸ் நஸீர் அஹமட், மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூர். மூன்று மாவட்டங்களில் ஆகக் கூடுதலான உறுப்பினர்களை அனுப்புகிற அம்பாறையிலிருந்து ஒருத்தரும் இல்லை.

"நம்மட பக்கத்துக்கு ஒருக்காவாவது தந்தாங்களா?" என்ற கேள்வி மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் கேட்கக்கூடியது. நியாயமான கேள்விதான். ஆனால் அதுக்கு முன்னால கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. முதலமைச்சர் எந்த ஊர் என்பதை விடுவோம். அவரைத் தீர்மானிச்சது யார்? நாம் போட்ட வாக்கா, வாக்கு எண்ணி முடிஞ்ச பிறகு நடந்த பேச்சா?

இந்தக் கேள்விக்கு ஆகத் தெளிவான பதில் கிடைக்கிற தேர்தல் 2012 செப்டம்பர் 8-ஆம் திகதி நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தல். அதில் அம்பாறைக் கரையோரத்து வாக்குக்கு, ஒரு மாகாணத்தின் ஆட்சியையே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடுகிற பலம் இருந்தது. அந்தப் பலம் சரியாகப் பத்து நாள் உயிரோடு இருந்தது.

முதலமைச்சரை நாம் நேரே தெரிவதில்லை

முதலில் சட்டம். அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் தேர்தல் நடந்தால், மக்கள் தங்களுடைய ஆளுநரை நேரடியாகவே தெரிவு செய்கிறார்கள். பல மாநிலங்களில் சட்டமா அதிபர் மாதிரியான பதவிகளுக்கும் தனித்தனியே வாக்குச் சீட்டில் பெயர் இருக்கும். வாக்கு எண்ணி முடியும்போது மாநிலத்தின் தலைமை யார் என்பதும் முடிவாகிவிடும்.

இங்கே கதை வேறு. 1987 ஜூலை 29-இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பிறகு வந்த 13-ஆவது திருத்தம்தான் மாகாண சபைகளைத் தந்தது. அதன்படி ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். நாம் தெரிவு செய்கிறது சபை உறுப்பினர்களை மட்டும். ஒரு கட்சிக்கு அரைவாசிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் அந்தக் கட்சியின் தலைவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். அப்படி ஒரு கட்சிக்கும் கிடைக்காவிட்டால், பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவு யாருக்கு இருக்கிறது என்று ஆளுநர் கருதுகிறாரோ அவருக்குத்தான் பதவி.

இந்த "கருதுகிறாரோ" என்ற சொல்லை மறந்துவிட வேண்டாம். கிழக்கில் எல்லாமே அங்கேதான் நடக்கிறது.

ஏனென்றால் கிழக்கில் யாரும் பெரும்பான்மை இல்லை. 2012-ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் தமிழர் 39 சதவீதம் அளவில், முஸ்லிம்கள் 37 சதவீதம் அளவில், சிங்களவர் 23 சதவீதம் அளவில். எந்தச் சமூகமும் தனியே ஆள முடியாது. இன்னொருவரோடு சேர்ந்துதான் ஆக வேண்டும். ஆகவே இங்கே தேர்தல் முடிவு என்பது கதையின் பாதி. யார் யாரோடு சேருகிறார்கள் என்பதுதான் மீதி.

மாகாண சபை என்ன பெரிய விசயமா என்று கேட்கிறவர்களும் உண்டு. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் கடதாசியில்தான் இருக்கின்றன, காசு கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் நம்மட ஊர்களில் உள்ள பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மாகாண சபைக்குரியவை. கிராமத்து வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், உள்ளூராட்சி சபைகளின் மேற்பார்வை, விவசாயம், கூட்டுறவு எல்லாம் அதன் கீழ் வருகின்றன. ஒரு ஆசிரியையின் இடமாற்றக் கடிதத்துக்காக மட்டக்களப்பைத் தாண்டி, வாழைச்சேனையைத் தாண்டி, திருகோணமலைக்குப் போய் வந்த குடும்பங்களுக்கு மாகாண சபை என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

17, 17, 1

2012-ஐ விளங்க வேண்டுமென்றால் அதுக்கு முந்திய இரண்டு தேர்தல்களை ஒருக்காப் பார்க்க வேணும்.

முதலாவது 1988 நவம்பர் 19. அப்போது வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்ட ஒரே மாகாணம். இந்திய அமைதிப்படை நின்ற காலம். புலிகள் தேர்தலை எதிர்த்தார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. வடக்கின் 36 ஆசனங்களுக்கும் போட்டியே இல்லை, ஈ.பி.ஆர்.எல்.எஃப்.உம் ஈ.என்.டி.எல்.எஃப்.உம் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. வாக்களிப்பு நடந்தது கிழக்கில் மட்டும். அங்கே 35 ஆசனம். முடிவு இப்படி: ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1.

எம்.எச்.எம். அஷ்ரப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ் அரசியல் கட்சியாகி இரண்டே வருசம்தான் ஆகியிருந்தது. அந்தப் புதுக் கட்சி கிழக்கின் ஆசனங்களில் அரைவாசியை எட்டிப் பிடித்தது. தேசியக் கட்சிகளின் வால் பிடித்தே பாராளுமன்றம் போன ஒரு சமூகம், தனக்கென்று ஒரு கட்சி, ஒரு சின்னம் என்று நிமிர்ந்து நின்ற நாள் அது. இன்றைக்கும் மூத்தவர்கள் "மரம்" என்று சொல்லும்போது குரலில் ஒரு கனம் வருகிறதே, அது அங்கிருந்து வருகிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கிழக்கில் 35-இல் 17 என்றால் பெரிய பலம். இணைந்த சபையில் 71-இல் 17 என்றால் எதிர்க்கட்சி. அ. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. அதோடு அந்தச் சபையும் முடிந்தது.

அந்த வருசமே ஆகஸ்ட் 3-ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். அதே மாதம் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் நம்மட சம்மாந்துறைக்குப் பக்கத்தில், வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப் பேரும் விரட்டப்பட்டார்கள். 2012-இல் தமிழ்க் கட்சியும் முஸ்லிம் கட்சியும் ஒரே மேசையில் இருக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அந்த மேசைக்கு அடியில் 1990 கிடந்தது. அதை மறந்துவிட்டு இந்தத் தேர்தலைப் பேச முடியாது.

2008: யானைச் சின்னத்தில் மரம்

2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடக்கு-கிழக்கு இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1-இலிருந்து கிழக்கு தனி மாகாணம். 2008 மே 10-ஆம் திகதி அதன் முதல் தேர்தல்.

வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தேர்தலைப் புறக்கணித்தது. முஸ்லிம் காங்கிரஸ் தன் மரத்தை விட்டுவிட்டு ஐக்கிய தேசியக் கட்சியோடு யானைச் சின்னத்தில் இறங்கியது. ரவூப் ஹக்கீம் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்து, தானே மாகாண சபைக்குப் போட்டியிட்டார். மஹிந்த ராஜபக்ஷவின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு வெற்றிலைச் சின்னத்தில், பிள்ளையானையும் ஹிஸ்புல்லாஹ்வையும் அதாவுல்லாவையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வந்தது.

முடிவு: வெற்றிலை 20, யானை 15, ஜே.வி.பி. 1, தமிழ் ஜனநாயகத் தேசியக் கூட்டமைப்பு 1. மொத்தம் 37. வெற்றிலைக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால் வெளியில் யாரோடும் பேசத் தேவையில்லை. உள்ளுக்குள்தான் இழுபறி: பிள்ளையானா, ஹிஸ்புல்லாஹ்வா? பிள்ளையான் முதலமைச்சர், ஹிஸ்புல்லாஹ் மாகாணச் சுகாதார அமைச்சர் என்று முடிந்தது. மரத்துக்குப் பழகிய கரையோர வாக்குகள் எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தன.

2012: எண்கள் பேசிய இரவு

சபையின் காலம் முடிய முன்னரே 2012-இல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. யுத்தம் முடிந்து மூன்று வருசம். இந்த முறை நான்கு பெரிய கட்சிகளும் தனித்தனியே களத்தில் நின்றன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வந்தது. ஐக்கிய தேசியக் கட்சி யானையில். அரசாங்கம் வெற்றிலையில், அதாவுல்லாவின் தேசிய காங்கிரஸ், ரிஷாட் பதியுதீனின் கட்சி, பிள்ளையானின் கட்சி எல்லாரையும் சேர்த்துக்கொண்டு.

முஸ்லிம் காங்கிரஸின் நிலைமைதான் விசித்திரம். 2010-இல் அது 18-ஆவது திருத்தத்துக்குக் கை உயர்த்தி, அதன் பிறகு அரசாங்கத்தில் சேர்ந்திருந்தது. ஹக்கீம் நீதி அமைச்சர். அதாவது கொழும்பில் ஆளும் தரப்பு. ஆனால் கிழக்கில் தனியே, மரத்தில் நின்று, அந்த அரசாங்கத்துக்கே எதிராக வாக்குக் கேட்டது. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசலை அகற்றச் சொல்லி ஒரு கூட்டம் உள்ளே புகுந்திருந்த காலம். ஊர்களில் மனம் கொதித்துப்போய்க் கிடந்தது. தேர்தல் மேடைகளில் தம்புள்ளைதான் பேச்சு. மரத்துக்குப் போடுகிற வாக்கு அரசாங்கத்துக்குச் சொல்லுகிற பதில் என்றே கரையோரம் அதை விளங்கிக்கொண்டது.

செப்டம்பர் 8 இரவு எண்ணத் தொடங்கி, மறுநாள் முழுப் படமும் வந்தது:

வெற்றிலை: 200,044 வாக்கு, 14 ஆசனம்.
வீடு: 193,827 வாக்கு, 11 ஆசனம்.
மரம்: 132,917 வாக்கு, 7 ஆசனம்.
யானை: 74,901 வாக்கு, 4 ஆசனம்.
விமல் வீரவன்சவின் தேசிய சுதந்திர முன்னணி: 9,522 வாக்கு, 1 ஆசனம்.

இந்த எண்களைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். முதலாவது, அரசாங்கத்துக்கு விழுந்தது நூறில் 32 வாக்குக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பேருக்கு மேல் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, வெற்றிலைக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 6,217 வாக்கு மட்டும். மாகாணத்தில் முதலாவது வருகிற கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனம் உண்டு. வெற்றிலையின் 14-இல் அந்த இரண்டும் அடக்கம். ஒரு ஊரின் இரண்டு மூன்று வாக்குச் சாவடிகள் அளவு வாக்கு இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், வீடு 13, வெற்றிலை 12 என்று ஆகியிருக்கும்.

மூன்றாவது, 37 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 19 வேணும். வெற்றிலையும் வீரவன்சவின் ஒருவரும் சேர்ந்தால் 15. வீடும் யானையும் சேர்ந்தாலும் அதே 15. நடுவில் நின்றது மரத்தின் 7. மரம் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் 22.

சரி, இந்த ஏழு எங்கேயிருந்து வந்தது? மட்டக்களப்பு 1, திருகோணமலை 2, அம்பாறை 4. மரத்துக்கு விழுந்த 132,917 வாக்கில் 83,658 அம்பாறை மாவட்டத்தினுடையது. நூற்றுக்கு 63. அதாவது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, இறக்காமம், பொத்துவில் என்று நீளுகிற நம்மட ஊர்களின் வாக்கு. 1988-இல் 17 ஆசனம் இருந்தும் பலம் இருக்கவில்லை. 2012-இல் ஏழே ஆசனம், ஆனால் முழு மாகாணமும் அந்த ஏழைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்து நாள்

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பகிரங்கமாகவே சொன்னது: முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரஸுக்குத் தருகிறோம், வாருங்கள், சேர்ந்து ஆட்சி அமைப்போம். 11 ஆசனம் உள்ள கட்சி 7 ஆசனம் உள்ள கட்சிக்குத் தலைமையைத் தர முன்வந்தது சின்ன விசயம் இல்லை. இரா. சம்பந்தன் அந்தக் கோரிக்கையை வைத்தபோது, 1990-க்குப் பிறகு பிரிந்து நின்ற இரண்டு சமூகமும் ஒரு நிர்வாகத்தை ஒன்றாக நடத்திப் பார்க்க ஒரு கதவு திறந்தது.

மறுபக்கம் அரசாங்கம். கொழும்பில் பேச்சு நடந்தது. யாருக்கு எந்த அமைச்சு, பாதிக் காலத்துக்குப் பிறகு முதலமைச்சர் பதவி மாறுமா என்பதெல்லாம் பத்திரிகைகளில் ஒவ்வொரு நாளும் அடிபட்டது. செப்டம்பர் 16 வந்தது. 2000-ஆம் ஆண்டு அதே நாளில்தான் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தானார். தலைவரின் பன்னிரண்டாவது நினைவு நாளையும் அந்தப் பேச்சுகளுக்கு நடுவில்தான் ஊர்கள் கடந்தன.

செப்டம்பர் 18-ஆம் திகதி நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சராகப் பதவியேற்றார். அவர் வெற்றிலையில் வென்றவர், ரிஷாட் பதியுதீனின் அணி. முஸ்லிம் காங்கிரஸ் அவரை ஆதரித்தது. பதிலுக்கு அதற்கு இரண்டு மாகாண அமைச்சு கிடைத்தது: விவசாயம் ஏறாவூர் நஸீர் அஹமட்டுக்கு, சுகாதாரம் சம்மாந்துறை எம்.ஐ.எம். மன்சூருக்கு. முதலமைச்சர் முஸ்லிம்தான். ஆனால் மரத்துக்குப் போட்ட வாக்கு போய் விழுந்த இடம் வெற்றிலை.

அவர்கள் சொன்ன நியாயம்

இதை "துரோகம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது லேசு. தமிழ்ப் பக்கத்தில் அப்படித்தான் சொன்னார்கள். நம்மட பக்கத்திலும் ஆத்திரப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் முஸ்லிம் காங்கிரஸின் முடிவுக்குப் பின்னால் இருந்த பயங்களையும் நேர்மையாகப் பார்க்க வேணும்.

இலங்கை முஸ்லிம்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவானவர்கள் வடக்கு-கிழக்குக்கு வெளியே, சிங்கள ஊர்களுக்கு நடுவில் வாழ்கிறார்கள். கிழக்கில் தமிழ்க் கட்சியோடு சேர்ந்தால் அளுத்கமையிலும் கண்டியிலும் உள்ள முஸ்லிம்கள் அதற்கு விலை கொடுக்க நேருமே என்ற பயம் கற்பனை இல்லை. வீட்டோடு மட்டும் சேர்ந்தால் 18தான், ஒன்று குறைவு, யானையின் தயவு வேணும். ஆளுநர் ஜனாதிபதியின் ஆள், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. காசும் கொழும்பின் கையில். மத்தியோடு பகைத்துக்கொண்டு ஒரு மாகாண சபையை எத்தனை மாதம் ஓட்டலாம்? அதோடு, அஷ்ரபுக்குப் பிறகு கட்சி எத்தனை தரம் உடைந்தது என்பதைத் தலைமை மறக்கவில்லை. அதாவுல்லா போனார், ரிஷாட் போனார். அமைச்சுப் பதவியைக் காட்டி இன்னும் இரண்டு பேரை இழுத்தால் கதை முடிந்தது.

இத்தனையும் ஏற்றுக்கொள்வோம். ஆனால் அப்படியென்றால் ஒரு கேள்வி: இந்த நியாயங்களில் எது செப்டம்பர் 8-க்குப் பிறகு புதுசாக வந்தது? தெற்கில் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்பது தேர்தல் மேடையிலும் தெரியும். ஆளுநர் யாருடைய ஆள் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே, "வென்றால் அரசாங்கத்தோடுதான் இருப்போம்" என்று ஒரு மேடையிலாவது சொல்லியிருந்தால் 83,658 பேரும் அப்படியே போட்டிருப்பார்களா? போட்டிருக்கலாம். போடாமல் விட்டிருக்கலாம். கேட்டிருந்தால்தானே தெரியும். பத்து நாள் பேச்சில் அந்த 83,658 பேருக்கு ஒரு நாற்காலி இருக்கவில்லை.

கொடுத்ததுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் காலம் சொல்லிவிட்டது. அதே செப்டம்பரில், திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் கருத்தைப் பெற வேணும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சமுர்த்தி முதலிய திட்டங்களை மத்தியின் ஒரு திணைக்களத்துக்குள் இழுக்கிற, மாகாணத்தின் அதிகாரத்தையே குறைக்கிற சட்டமூலம் அது. கிழக்கு மாகாண சபையில் முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்கள் அதை ஆதரித்தார்கள். மாகாண அதிகாரத்துக்காக வாங்கிய வாக்கு, மாகாண அதிகாரத்தை விட்டுக்கொடுக்கப் பயன்பட்டது.

தெற்கு முஸ்லிம்களின் பாதுகாப்பு? 2013-இல் ஹலால் எதிர்ப்பு நாடு முழுக்கப் பரவியது. 2014 ஜூனில் அளுத்கம எரிந்தது. அப்போதும் நீதி அமைச்சர் ஹக்கீம்தான். அரசாங்கத்தோடு இருந்தால் பாதுகாப்பு என்ற கணக்கு இரண்டே வருசத்தில் பிழைத்துப்போனது.

2015: கதவு மறுபக்கம் திறந்தபோது

2015 ஜனவரி 8-இல் மஹிந்த தோற்று மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியானார். கொழும்பில் காற்று மாறியதும் திருகோணமலையிலும் மாறியது. சபை அதே சபை, உறுப்பினர்களும் அதே 37 பேர், மக்கள் ஒரு வாக்கும் புதுசாகப் போடவில்லை. ஆனால் ஆட்சி மாறியது.

இந்த முறை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, எங்களிடம் 11 இருக்கிறது, தலைமையை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டது. முஸ்லிம் காங்கிரஸ் விடவில்லை. பெப்ரவரி 6-ஆம் திகதி ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சராகப் பதவியேற்றார். முதலில் முகம் சுளித்த கூட்டமைப்பு, பிறகு அமைச்சரவையில் சேர்ந்தது. எஸ். தண்டாயுதபாணி கல்வி அமைச்சரானார், கி. துரைராசசிங்கம் விவசாய அமைச்சரானார். 2012-இல் நடக்காத தமிழ்-முஸ்லிம் கூட்டு நிர்வாகம் கடைசியில் நடந்தது. இரண்டரை வருசம் தாமதித்து, பாதி மனத்தோடு.

2012-இலேயே அந்தக் கூட்டு முழுக் காலத்துக்கும் நடந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 2019-இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காக நடந்த உண்ணாவிரதமும், இரண்டு பக்கத்திலும் எழுந்த கோபமும் நமக்குத் தெரியும். பிரதேச செயலகம் மத்தியின் விசயம், மாகாண சபை அதைத் தீர்த்திருக்காது. ஆனால் ஐந்து வருசம் ஒரே மேசையில் பாடசாலையையும் வாய்க்காலையும் பற்றிப் பேசிப் பழகினவர்கள், எல்லையைப் பற்றிப் பேசும்போது வேறு மாதிரிப் பேசியிருப்பார்கள்.

நாமும் கொஞ்சம் பொறுப்பு

தலைமைகளை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. இந்தத் தேர்தல் முறையில் கட்சிக்குப் போடுகிற வாக்கோடு மூன்று விருப்பு வாக்கும் போடலாம். நம்மட கரையில் அந்த மூன்றும் எப்படி விழுகிறது? ஊர் பார்த்து. கல்முனைக்காரன் கல்முனைக்கு, நிந்தவூரான் நிந்தவூருக்கு, அக்கரைப்பற்றான் அக்கரைப்பற்றுக்கு. "நம்மட ஊருக்கு ஒரு மெம்பர்" என்பதே தேர்தலின் முழு அர்த்தமாகிவிட்டது. வென்ற மெம்பர் எந்த ஆட்சியைத் தாங்கப் போகிறார் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஊருக்கு ஒரு ரோட்டும் ஒரு கட்டடமும் வந்தால் போதும் என்று நாம் சொன்னால், அந்த ரோட்டையும் கட்டடத்தையும் தரக்கூடியவரோடு அவர் போய்ச் சேருவார். அம்பாறைக்கு ஏன் முதலமைச்சர் பதவி வரவில்லை என்ற கேள்விக்கும் பதிலின் ஒரு துண்டு இங்கே கிடக்கிறது. எட்டு ஊருக்கு எட்டு முகம் வேண்டும் என்று நிற்கிற மாவட்டத்தில், மாகாணத்துக்கு ஒரு முகத்தை யாரும் தேடவில்லை.

வாக்களிக்காத ஒரு தலைமுறை

2017 செப்டம்பர் 30-ஆம் திகதி கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பத்து நாள் முன்னர், செப்டம்பர் 20-இல், பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையையே மாற்றுகிற ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. முஸ்லிம் காங்கிரஸும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அதை ஆதரித்தே வாக்களித்தன. புது முறைக்கு எல்லை மீள்நிர்ணயம் வேணும். அந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் சபைக்கு வந்தபோது, அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, எதிராக 139. பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. அதற்குப் பிறகு கிழக்கில் மாகாண சபைத் தேர்தலும் இல்லை.

ஆளுநர்கள் மட்டும் வந்து போனார்கள். ரோஹித போகொல்லாகம, ஹிஸ்புல்லாஹ், அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான் என்று அந்த வரிசை நீளுகிறது. ஒருவரையும் நாம் தெரிவு செய்யவில்லை. பத்து நாளில் நம் வாக்கைக் கொழும்பு எடுத்துக்கொண்டது என்று 2012-ஐப் பற்றிக் கோபப்படுகிறோம். இப்போது எடுத்துக்கொள்ளக்கூட வாக்கு இல்லை.

2012-இல் பதினேழு வயதாக இருந்த ஒருவர், ஒரு வயது குறைவால் அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போனவர், இன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் இருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற சபைக்கு அவர் வாழ்க்கையில் ஒருமுறையும் வாக்களிக்கவில்லை. இதை வாசிக்கிற உங்களில் அனேகம் பேரின் கதையும் இதுதான்.

தேர்தல் ஒருநாள் வரத்தான் போகிறது. வரும்போது எல்லாரும் வருவார்கள், மரமும் வீடும் குதிரையும் யானையும். பாட்டுப் போடுவார்கள், கொடி கட்டுவார்கள், தலைவரின் பெயரைச் சொல்லி அழவும் செய்வார்கள். அப்போது ஊருக்கு என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டு விட்டுவிட வேண்டாம். 2012 நமக்குத் தந்த கேள்வி ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் எழும்பி நின்று அதைக் கேட்கப் பெரிய அரசியல் அறிவு ஒன்றும் தேவையில்லை:

"யாருக்கும் 19 கிடைக்காட்டி, நீங்க யாரோட போவீங்க? அத இப்பவே சொல்லுங்க."